வெள்ளவத்தை மேசையில் நான் கற்ற செக்-ரெய்ஸ்

போக்கரில் மூன்று எட்டுகளை வைத்துக்கொண்டு தோற்ற இரவுக்குப் பிறகுதான் செக்-ரெய்ஸை நான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். அதுவரை அதை நல்ல சீட்டு வந்தவர் பதுங்கியிருந்து பாயும் வித்தை என்றே நினைத்திருந்தேன்.

முதலில் எங்கள் மேசையைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் மரைன் டிரைவைப் பார்த்த ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடியில், சனிக்கிழமை இரவுகளில் ஆறு பேர் கூடுகிறோம். வீட்டுக்காரர் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து மாமா. கணக்காய்வுத் துறையில் இருக்கும் மட்டக்களப்பு அக்கா, மென்பொருள் எழுதும் ஹட்டன் தம்பி, மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர், நான். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஆட வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு பறக்கும். சன்னலைத் திறந்தால் கடற்காற்றின் உப்பீரத்தில் காகிதச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே புறக்கோட்டையில் பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு வாங்கி வைத்திருக்கிறோம். கீழே தண்டவாளத்தில் ரயில் போகும்போது யாரும் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது.

காசு வைத்து ஆடுவதில்லை. ஆளுக்கு 10,000 புள்ளிக்குச் சிப்ஸ், அதாவது காசுக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லைகள். முதலில் வெளியேறும் இருவர் அன்றைய கொத்துரொட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பழகும் காலத்தில் காசு மேசைக்கு வரவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காசு வந்துவிட்டால் எதிரில் இருப்பவரைக் கவனிக்க மனம் ஓடாது, காசையே கவனிக்கும்.

ஆடுவது நோ-லிமிட் ஹோல்டெம், கட்டும் தொகைக்கு உச்சவரம்பு இல்லாத போக்கர் வகை. கையில் இரண்டு சீட்டு; மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. முதல் மூன்று ஒன்றாக விழுவது ஃபிளாப், நான்காவது டேர்ன், ஐந்தாவது ரிவர். நடுவில் சேரும் சிப்ஸ் குவியலைப் பொட் என்கிறோம். உங்கள் முறை வரும்போது எதுவும் கட்டாமல் அடுத்தவருக்கு விட்டால் அது செக். அடுத்தவர் ஒரு தொகையைக் கட்டிய பிறகு, முறை திரும்பி வரும்போது அதைவிடப் பெரிதாக உயர்த்தினால் அது செக்-ரெய்ஸ். விதி இவ்வளவு சிறியது. எனக்கு இது பிடிபட ஒன்றரை வருடம் ஆனது.

அந்த இரவில் நான் பிக் பிளைண்டில் இருந்தேன். சீட்டு வரும் முன்பே கட்டாயமாகத் தொகை வைக்க வேண்டிய இரண்டு இருக்கைகளில் பெரிய தொகைக்குரியது அது. கையில் இரண்டு எட்டு. ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாக முறை வரும் கடைசி இருக்கையில் இருந்து மாமா 250 என்று உயர்த்தினார். நானும் அதே தொகையைக் கட்டிக் கூடச் சென்றேன். ஃபிளாப்பில் ஆட்டின் ஒன்பது, ஆட்டின் எட்டு, கிளாவர் நாலு. கையில் ஜோடி இருக்கும்போது ஃபிளாப்பில் அது மூன்றாகும் வாய்ப்பு ஏறக்குறைய 12 வீதம்தான். அரிதாகக் கிடைத்ததைப் பெரிதாக அறுவடை செய்ய வேண்டும் என்ற ஆசையில் செக் சொன்னேன். மாமா கட்டுவார், நான் உயர்த்துவேன் என்று காத்திருந்தேன். மாமா தன் சீட்டை ஒருமுறை பார்த்தார், மேசையைப் பார்த்தார், அவரும் செக் சொல்லிவிட்டார். டேர்னில் ஆட்டின் இரண்டு விழுந்தது. அவர் கையில் ஆட்டின் ஏஸும் ஆட்டின் ஆறும். ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்துவிட்டது; என் மூன்று எட்டை அது வெல்லும். மூன்றாவது ஆட்டின் விழுந்த பிறகும் நான் நிற்காமல் உயர்த்திக்கொண்டே போனேன். ரிவரில் என் முன்னால் ஒரு சிப்பும் இல்லை.

"தம்பி, அந்தச் சீட்டை நீர் எனக்குச் சும்மா தந்துவிட்டீர்" என்றார் மாமா. கேலியாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போய் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஃபிளாப்பில் அவருக்கு ஒன்பது ஆட்டின்கள் மிச்சம் இருந்தன. ஒரு சீட்டில் அது விழும் வாய்ப்பு 19 வீதம். இரண்டு சீட்டும் பார்க்கக் கிடைத்தால் 35 வீதம். இந்த வாய்ப்பை அவர் விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். நான் நேரடியாகக் கட்டியிருந்தால் கொடுத்தும் இருப்பார். மாமா அப்படிப்பட்ட கையை மடிப்பவர், அதாவது கட்டாமல் கைவிடுபவர், அல்லர். ஆனால் தானாக முன்வந்து கட்டுபவரும் அல்லர். அத்தனை சனிக்கிழமைகளில், மேசையின் பெரிய சீட்டோடு ஜோடி சேராமல் அவர் முதலில் கட்டியதை நான் பார்த்ததே இல்லை. தெரிந்திருந்தும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. என் கண் முழுக்க என் எட்டுகளிலேயே இருந்தது.

அன்று முதல் செக் சொல்வதற்கு முன் என்னிடம் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: பின்னால் இருப்பவர் கட்டுவாரா? என் கை எவ்வளவு பலம் என்பது அதற்கு அடுத்துத்தான். அவர் கட்டாவிட்டால் செக்-ரெய்ஸ் என்று ஒன்று நடக்கவே போவதில்லை. அடுத்த சீட்டை இலவசமாகக் கொடுத்ததுதான் மிச்சம்.

கட்டக்கூடியவர் எங்கள் மேசையிலேயே இருந்தார். ஹட்டன் தம்பி கடைசி இருக்கையில் இருந்தால் பாதிக்கு மேற்பட்ட கைகளில் தொகையை உயர்த்துவான். உயர்த்திவிட்டால் ஃபிளாப் எதுவாக இருந்தாலும் ஒரு சிறு தொகை கட்டுவான். நான் செக் சொல்வதற்கு முன்பே அவன் வலது கையில் இரண்டு சிப்ஸ் ஏறிவிடும். கட்டைவிரலால் ஒன்றின் மேல் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருப்பான். என் வாயிலிருந்து சொல் வந்ததும் அவை முன்னால் வந்து விழும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சீட்டு விழும்போது எல்லோரும் சீட்டைத்தான் பார்ப்பார்கள். நான் சீட்டைப் பார்க்காமல் அவன் கையைப் பார்க்கப் பழகினேன். சீட்டு எங்கும் ஓடிவிடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிளைண்ட் 100, 200 ஆக இருந்தபோது அவன் 500 என்று உயர்த்தினான். நான் பிக் பிளைண்டில் ஏழும் ஆறும் வைத்துக் கூடச் சென்றேன். பொட்டில் 1,100. ஃபிளாப் 7, 6, 2, மூன்றும் வேறு வேறு இனம். செக் சொன்னேன். இரண்டு சிப்ஸ் வந்து விழுந்தன: 400. நான் 1,400 என்று உயர்த்தினேன். அவன் சற்று யோசித்துக் கூட வந்தான். டேர்னில் ஒரு ஜாக்கி, ரிவரில் ஒரு மூன்று. இரண்டிலும் நான் கட்டினேன், இரண்டிலும் அவன் வந்தான். கடைசியில் இரண்டு ராஜாக்களைத் திறந்து வைத்தான். என் இரண்டு ஜோடிக்கு முன்னால் அது போதவில்லை.

"அண்ணா, இரண்டு ஜோடி இருந்ததே, நீங்களே முதலில் கட்டியிருக்கலாமே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதில் பொட்டின் அளவில் இருக்கிறது. நான் முதலில் 400 கட்டி அவன் கூட வந்திருந்தால் டேர்னுக்குப் போகும்போது பொட்டில் 1,900 இருக்கும். அவனைக் கட்டவிட்டு 1,400க்கு உயர்த்தியதால் 3,900 இருந்தது. அடுத்து வரும் ஒவ்வொரு கட்டும் பொட்டின் அளவைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. அதனால் ஃபிளாப்பில் இரு மடங்கான பொட், ரிவரில் அவன் முழு இருப்பையும் கேட்கும் அளவுக்குப் போனது. மேலும், நான் முதலில் கட்டினால் ஒன்றுமில்லாத கைகளை அவன் உடனே மடித்துவிடுவான். செக் சொன்னால் அந்தக் கைகளோடும் 400 போடுவான்.

ஃபிளாப்பின் தன்மையும் முக்கியம். ஃபிளாப்புக்கு முன் உயர்த்தியவரிடம் ஏஸும் ராஜாவும் பெரிய ஜோடிகளும் கூடுதலாக இருக்கும். பிக் பிளைண்டில் மலிவாகக் கூடச் சென்றவரிடம் 7-6, 6-5, 8-7 போன்ற அடுத்தடுத்த சிறு சீட்டுகள் கூடுதலாக இருக்கும். ஆகவே 7-6-5 அல்லது 8-6-5 என்று விழும் மேசை பிக் பிளைண்டுக்குச் சாதகம். அங்கே செக்-ரெய்ஸ் இயல்பாகப் பொருந்தும். ஏஸ்-ராஜா-நாலு என்று விழுந்த இடத்தில் நீங்கள் உயர்த்தினால், மேசையைப் படிக்கத் தெரிந்தவர் உங்களிடம் அப்படி என்ன இருக்கப்போகிறது என்று நினைப்பார். அவர் நினைப்பது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

இதுவரை சொன்னது பலமான கையைப் பற்றி. செக்-ரெய்ஸின் மறு பாதியை எனக்குக் கற்றுத்தந்தவர் அக்கா.

ஒரு மழை இரவில் நான் ஏஸும் எட்டும் வைத்து உயர்த்தினேன். அக்கா பிக் பிளைண்டிலிருந்து வந்தார். அதே 1,100 பொட். ஃபிளாப்பில் இஸ்பேட் ராணி, இஸ்பேட் எட்டு, டைமன் மூன்று. அக்கா செக். நான் 400. அக்கா 1,400. ராணி இருக்கிறது, அல்லது ஒரே எண்ணில் மூன்று சீட்டு ஏதோ இருக்கிறது என்று எண்ணி மடித்தேன். பழகிய மேசை என்பதால் அக்கா சீட்டைக் காட்டினார்: இஸ்பேட் ஐந்து, இஸ்பேட் நாலு. அந்த நேரத்தில் அவரிடம் ஒரு ஜோடிகூட இல்லை.

கொத்துக் கடைப் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் அவர் எழுதிக் காட்டிய கணக்கை இன்றும் வைத்திருக்கிறேன். பொட்டில் 1,100, என் 400, ஆக 1,500. அதை எடுக்க அவர் முன்வைத்தது 1,400. 1,400ஐ 2,900ஆல் வகுத்தால் 48 வீதம். அதாவது, நூற்றுக்கு 48 தடவைக்கு மேல் நான் மடித்தால் அவர் கையில் வெற்றுக் காகிதம் இருந்தாலும் அந்த உயர்த்தலில் நட்டம் இல்லை. அவர் கையில் இருந்ததோ வெற்றுக் காகிதம் அல்ல. நான் கூடச் சென்று ரிவர் வரை பார்த்தாலும், 35 வீதம் இஸ்பேட் விழுந்து அவர் என்னை வெல்வார். மடித்தால் ஒரு இலாபம், மடிக்காவிட்டால் இன்னொரு வாய்ப்பு.

"ஏன் இந்தக் கையைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இஸ்பேட் ஏஸ் இருந்தாலும் இப்படித்தான் செய்வீர்களா?" என்று கேட்டேன்.

"ஏஸ் இருந்தால் சில வேளை வெறுமனே கூட வருவேன், தம்பி. ஏஸ் தனியாகவே சில தடவை ஜெயிக்கும். இந்த ஐந்தும் நாலும் திறந்து காட்டினால் யாரையும் ஜெயிக்காது. அதனால் திறக்காமலே ஜெயிக்கப் பார்க்கிறேன்" என்றார்.

இந்தப் பதிலை நான் பல நாள் மனதில் போட்டுப் புரட்டினேன். உயர்த்துவதற்கு ஏற்ற கைகள் இரண்டு கோடிகளில் இருக்கின்றன: மிகப் பலமானவை, இப்போதைக்கு ஒன்றுமில்லாவிட்டாலும் வளரக்கூடியவை. நடுவில் இருக்கும் கைகளுக்கு உயர்த்தல் பொருந்தாது. சில வாரங்கள் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பத்தும் ஒன்பதும் வைத்து, 10-6-3 ஃபிளாப்பில் உயர்த்துவேன். என்னைவிடத் தாழ்ந்த கைகள் எல்லாம் மடிந்துவிடும். உயர்ந்தவை மட்டும் கூட வரும். கூடச் சென்று அமைதியாக ரிவரை அடைந்திருக்க வேண்டிய கையை நானே பொய்க்கையாக ஆக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா உயர்த்திய தொகையைக் கவனித்தீர்களா? 400க்கு 1,400. நான் இரண்டு ஜோடியோடு தம்பியிடம் உயர்த்தியதும் அதே அளவு. பலமான கைக்கு ஓர் அளவு, வளரும் கைக்கு வேறோர் அளவு என்று வைத்தால் இரண்டாம் வாரமே மேசை உங்களைப் படித்துவிடும். எதிரில் கட்டியது பொட்டில் மூன்றிலொரு பங்கு போன்ற சிறு தொகையென்றால் அதன் மூன்று முதல் நான்கு மடங்குக்கு உயர்த்துகிறேன். அவர் பொட் அளவுக்கே கட்டியிருந்தால் இரண்டரை, மூன்று மடங்கு போதும். தொகையைப் போலவே நடத்தையும். "நல்ல கை வந்தால் நீங்கள் செக் சொல்லும் குரல் மெலிகிறது" என்று அக்கா ஒருநாள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது வாயால் சொல்வதேயில்லை. ஒரு மூச்சு விட்டு, விரல்முட்டியால் மேசையை இரண்டு தரம் தட்டுகிறேன், எந்தக் கையாக இருந்தாலும்.

பொய்யாக உயர்த்துவது எல்லோரிடமும் பலிக்காது. மருந்துக்கடை மூத்தவர் ஒரு ஜோடி சேர்ந்துவிட்டால் மடிக்கவே மாட்டார். அந்த 48 வீதக் கணக்கு அவரிடம் செல்லுபடியாகாது; அவரிடம் பலமான கையோடு மட்டும் உயர்த்த வேண்டும், அதுவும் தாராளமாக. மூவர் நால்வர் சேர்ந்து ஃபிளாப் பார்க்கும்போதும் அப்படித்தான். யாராவது ஒருவரிடம் ஏதாவது இருக்கும்.

மாமாவுக்கு இந்த ஆட்டமுறை பிடிக்கவில்லை. "செக் என்றால் கை இல்லை என்று அர்த்தம். இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு அடிப்பது முறையா?" என்று கேட்டு, எங்கள் மேசையில் இதைத் தடைசெய்ய வேண்டும் என்றார். அவர் கேட்டது புதிதல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு காலத்தில் சில சீட்டாட்ட மண்டபங்களில் இதற்குத் தடை இருந்தது; வீட்டு மேசைகள் சிலவற்றில் இன்றும் இருக்கிறது. ஆனால் செக் என்பது கை இல்லை என்ற வாக்குமூலம் அல்ல. இந்த முறை நான் கட்டவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். கட்டுவதற்கு எவ்விதத் தடையும் இல்லாமல், கடைசியில் பேசும் வசதி பின்னால் இருப்பவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. முன்னால் பேச வேண்டியவனுக்கு அந்த வசதிக்கு எதிராக இருக்கும் ஒரே ஆயுதம் செக்-ரெய்ஸ்தான். அதையும் பிடுங்கிவிட்டால் ஆட்டம் முழுக்கக் கடைசி இருக்கைக்காரர் பக்கம் சாய்ந்துவிடும்.

நான் இதையெல்லாம் விளக்கியும் அவர் இசையவில்லை. அக்காதான் முந்நூற்று நாலை இழுத்தார். நம் ஊர்களில் திண்ணை தோறும் ஆடிய கடதாசி ஆட்டம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, நாலு இனமும் சேர்த்து 304 புள்ளி. கூடுதல் புள்ளி கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடுவார்; மற்றவர்கள் அது எந்த இனம் என்று தெரியாமல் சீட்டுப் போட வேண்டும். "துரும்பைக் கவிழ்த்து வைக்கிற ஆட்டத்தில் வளர்ந்த நீங்களா மாமா இதைச் சொல்கிறீர்கள்?" என்றார். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, ஆடுங்கள்" என்றார்.

நான் அடிக்கடி செக்-ரெய்ஸ் செய்யத் தொடங்கியதும் மேசை மாறியது. ஹட்டன் தம்பியின் விரலிடுக்கில் சிப்ஸ் ஏறுவது குறைந்தது. நான் தட்டினால் அவனும் தட்டுவான். அப்போது பலமான கைகளோடு நானே முதலில் கட்ட வேண்டியிருந்தது. அவன் மறுபடி துணிந்து கட்டத் தொடங்கியபோது மறுபடி உயர்த்தினேன். அதோடு, செக் சொன்ன பிறகு அவன் கட்டினால் சில தடவை மடித்தும்விட வேண்டும். நடுத்தரக் கைகளோடு கூடச் செல்லவும் வேண்டும். செக் சொன்னால் எப்போதும் இடி விழும் என்று ஆக்கிவிட்டால் யாரும் கட்ட மாட்டார்கள்.

நான் கடைசியாகக் கற்றதும், இன்றும் தடுமாறுவதும் டேர்னில்தான். ஃபிளாப்பில் உயர்த்தி எதிரில் இருப்பவர் கூட வந்துவிட்டால், பொட் பெரிதாகிவிடும். முதலில் பேச வேண்டியவனும் நான்தான். அந்த இடத்தில் யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது. அதனால் 1,400ஐ முன்னால் தள்ளுவதற்கு முன்பே, எந்தச் சீட்டுகள் விழுந்தால் மீண்டும் கட்டுவேன், எவை விழுந்தால் நிறுத்துவேன் என்று முடிவு செய்துகொள்கிறேன். இஸ்பேட்டுக்காகக் காத்திருக்கும் கையென்றால், இஸ்பேட் விழுந்தாலும் கட்டுவேன், எதிரியைப் பயமுறுத்தும் சீட்டு விழுந்தாலும் கட்டுவேன். அவருக்கு உதவும் சீட்டு விழுந்தால் விட்டுவிடுவேன். கையிருப்பு இருபது பிக் பிளைண்ட் அளவுக்குச் சுருங்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. அங்கே செக்-ரெய்ஸ் என்றால் இருப்பதையெல்லாம் முன்னால் தள்ளுவதுதான், அடுத்த முடிவு என்று ஒன்று கிடையாது.

போன சனிக்கிழமை நான் கடைசி இருக்கையில் ராஜாவும் ராணியும் வைத்து உயர்த்தினேன். பிக் பிளைண்டில் மாமா. ஃபிளாப்பில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் ஒன்பது, கிளாவர் நாலு. மாமா விரலால் மேசையைத் தட்டினார். நான் 600 கட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். 2,100க்குரிய சிப்ஸை எண்ணி, ஒரே தடவையில் முன்னால் வைத்தார்.

மாமா என்னிடம் செக்-ரெய்ஸ் செய்தது அதுதான் முதல் தடவை. நான் அறிந்த மாமாவென்றால் இரண்டு ஜோடிக்குக் குறையாது; என் ராஜா போதாது. ஆனால் அக்காவின் ஐந்தையும் நாலையும் அந்த மழை இரவில் அவரும் பார்த்திருந்தார். மேசையில் இஸ்பேட் இரண்டு கிடந்தன. கீழே ரயில் ஒன்று வந்து, முழுதாகக் கடந்து போகும் வரை யோசித்தேன். பிறகு மடித்தேன்.

மாமா தன் இரண்டு சீட்டுகளையும் கவிழ்த்தபடியே கட்டுக்குள் செருகிவிட்டு, அடுத்த கைக்காகக் கலைக்கத் தொடங்கினார்.